யாரும் கொடுக்காத சோறு

கல்யாண மண்டபத்தில் மிஞ்சுகிற சோற்றை வாங்கிப்போய் இல்லாதவர்களிடம் சேர்க்கிற வேலையில், சோறு கெடாமல் இருக்கும்வரைதான் நம்மை எல்லோருக்கும் தெரியும். இதே வேலையில் இருப்பவர்களுக்கும், இருந்துவிட்டு ஓடியவர்களுக்கும் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் ஊரில் வேறு மண்டபம், வேறு ஸ்டேஷன், அவ்வளவுதான் வித்தியாசம். ஒருவர் முதுகை ஒருவர் தடவிக்கொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்த்த நூல் மில்லை மூடிய பிறகு, ஊரில் ஓய்வுபெற்ற சிலர் சேர்ந்து ஆரம்பித்த அறக்கட்டளை ஒன்றில் சேர்ந்தேன். அறக்கட்டளை என்றால் பழைய லோடு ஆட்டோ ஒன்று, மூடி போட்ட அண்டாக்கள், நான், ஒரு டிரைவர். முகூர்த்த நாட்களில் மதியப் பந்தி முடிந்ததும் மண்டபங்களின் பின்வாசலில் போய் நிற்போம். வாங்கியதைத் திருச்சுழிப் பக்கம் கொண்டுபோவோம். இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம்.

ருசி பார்ப்பது

ஒவ்வொரு அண்டாவிலும் ஒரு கை அள்ளி நான் சாப்பிட்ட பிறகுதான் வண்டியில் ஏற்றுவது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. நாம் தின்னாததை இன்னொருவனுக்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். சாம்பார் லேசாக நுரைத்திருந்தால் நாக்கு சொல்லிவிடும். அவியலில் தேங்காய் ஊசியிருந்தால் மூக்கே சொல்லிவிடும். அப்படிப்பட்டதை வாங்காமல் வந்துவிடுவேன். ருசி பார்த்தே வயிறு நிறைந்துவிடுவதால், வீட்டில் ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்காது. என் மனைவி, ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் அழைப்பில்லாமல் போய்ச் சாப்பிடுகிற ஒரே ஆள் என்று என்னைச் சொல்வாள்.

ஒருநாள் சமையல் மாஸ்டர் ஒருவர் கரண்டியோடு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் கேசரியை வாயில் போட்டு, மென்று, விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உதவியாளைத் திரும்பிப் பார்த்து, "மாப்பிள்ளை வீட்டுக்காரன்கூட இம்புட்டுக் குத்தம் பாக்கலடா. ஓசிச் சோறு வாங்க வந்தவுக பாக்குறாக" என்றார்.

காதர் வண்டி

டிரைவர் காதர் வீரசோழன் ஊர்க்காரன். அவன் என்னை மாமா என்பான், நான் அவனை மாப்ள என்பேன். வளைகுடாவுக்குப் போக விசா ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. அது வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று எங்கள் வண்டியை ஓட்ட வந்தவன். அவனுடைய அண்ணன்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண் வீட்டில், பையன் விமானம் ஏறிய பிறகு நாள் குறிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, அவன் கல்யாணம், கடன், மேல்கூரை போடாமல் நிற்கிற வீடு எல்லாம் அந்த விசாவில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

வண்டி ஓட்ட வந்த புதிதில், நாற்கரச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து கிடந்த ஒருவரை அவன்தான் தூக்கி, அண்டாக்களுக்கு நடுவில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வண்டியெல்லாம் ரத்தம். போலீஸ் கேஸாகிவிடுமே, விசா என்னாகும் என்று எனக்குத்தான் கவலை. அங்கே இருந்த ஏட்டையா, விபத்தில் உதவுகிறவர்களை ஸ்டேஷனுக்கு இழுக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டதாகச் சொன்னார். விருப்பமிருந்தால் பெயர் சொல்லலாம், இல்லையென்றால் வேண்டாமாம். காதரின் ரத்தம் படிந்த சட்டையைப் பார்த்தார். குழாயைக் காட்டினார். "கையக் கழுவிட்டுக் கெளம்புங்க தம்பி. உங்கள ஒருத்தரும் ஒண்ணும் கேக்க முடியாது" என்றார்.

அண்டாவும் தெரியணும்

கொடுப்பவர்களில் இரண்டு வகை. முகத்தைக் காட்டாமல் ஆளை விட்டு அண்டாவை எடுத்துவிடச் சொல்கிறவர்கள் ஒரு வகை. போட்டோ எடுக்கிறவர்கள் இன்னொரு வகை. நான் சொல்லப்போகிற கல்யாணத்தின் பெண்ணுடைய அப்பா இரண்டாவது வகை. பாலவனத்தம் பக்கம் நிலபுலன் உள்ளவர், நல்ல மனிதர். பந்தி முடிந்ததும் அவரே பின்வாசலுக்கு வந்தார். காய்கறி பிரியாணி அண்டா நிறைய மிஞ்சியிருந்தது. தொட்டால் கை சுட்டது. நான் ஒரு கை சாப்பிட்டேன். அருமையாக இருந்தது.

அண்டாவின் ஒரு காதை அவர் பிடித்தார், மறுகாதை நான் பிடித்தேன். வீடியோக்காரர் வந்தார். என்னைக் கொஞ்சம் குனியச் சொன்னார்கள். பெண்ணின் அப்பா அந்தப் படத்தை அங்கேயே தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஏற்றினார். மண்டப மேனேஜர் தனபாலும் ஓடிவந்து ஓரமாக நின்றுகொண்டார். பெண்ணின் அப்பா வீடியோக்காரரிடம் கடைசிவரை ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "நானும் தெரியணும், அண்டாவும் தெரியணும். மத்தவுக தெரியாட்டிப் பரவால்ல."

மூட்டம் வாய் திறந்தது

திருச்சுழி தாண்டி உள்ளே போனால் கண்ணுக்கு எட்டியவரை சீமைக்கருவேலம்தான். அதை வெட்டி, அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே தீ வைத்து, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குகிறார்கள். அந்த மண்மேட்டுக்கு மூட்டம் என்று பெயர். அங்கே தார்ப்பாய்க் குடிசைகளில் சில குடும்பங்கள் இருந்தன. காளியம்மாவும் அவள் புருஷன் முனியாண்டியும் அதில் ஒரு குடும்பம். முகூர்த்த நாளை எங்களுக்கு முன்னால் அவர்கள் தெரிந்துவைத்திருப்பார்கள். அன்றைக்கு உலை வைக்க மாட்டார்கள்.

அன்று நாங்கள் போனபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. மூட்டத்தில் ஒரு பக்கம் மண் சரிந்து வாய் திறந்திருந்தது. காற்று உள்ளே போனால் மரம் முழுக்க எரிந்து சாம்பலாகிவிடும். அவ்வளவு நாள் வேலைக்கும் கூலி கிடையாது. ஆணும் பெண்ணும் மண்வெட்டியும் குடமுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். பிரியாணியை அவர்கள் பாத்திரங்களில் மாற்றிவைத்தோம். சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள், வைத்துக்கொள்ளாதீர்கள் என்று வழக்கம்போல் கத்தினேன். காளியம்மா புகைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினாள். "வச்சுட்டுப் போங்கண்ணே. இது வாய மூடுனாத்தான் எங்க வாயத் தெறக்க முடியும்."

தண்ணீர் ஊற்றிய பிரியாணி

மறுநாள் மத்தியானம் காதருக்குப் போன் வந்தது. மூட்டத்து ஆட்கள் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். போனபோது முனியாண்டிக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மாட்ட இடமில்லாமல் காதர்தான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லோரும் பிழைத்துவிட்டார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதற வேண்டாம். காளியம்மா தெம்பாகவே இருந்தாள். மூட்டத்தை அடைப்பதற்குள் அலுத்துப்போய், ஆளுக்கு ரெண்டு வாய் தின்றுவிட்டுச் சாய்ந்துவிட்டார்களாம். மிச்சத்தைக் காலையில் தின்றிருக்கிறார்கள்.

எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். தண்ணீர் ஊற்றி வைத்தார்களாம். பட்டை கிராம்பு போட்டு, கேரட்டும் பட்டாணியும் தயிரும் சேர்த்து ஆக்கிய பிரியாணியில், வெறும் சோற்றுக்குச் செய்வதுபோல, ஒரு குடம் தண்ணீரை ஊற்றி மூடி வைத்திருக்கிறார்கள். காலையில் உப்புப் போட்டுக் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். புளிப்பாக இருந்ததாம், பழையது என்றால் புளிக்கத்தானே செய்யும். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். பிரியாணி அவர்களுக்கு இதற்கு முன் எப்போது மிஞ்சியிருக்கிறது, மிஞ்சினால் என்ன செய்வது என்று தெரிந்திருக்க? காளியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, சந்தேகமாகக் கேட்டாள்: "சோறுன்னா தண்ணி ஊத்தித்தானண்ணே வைப்பாக?"

நன்றியால் வந்த வினை

கெட்ட சோறு தின்று ஆள் படுத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போய்விடும். அது அவர்கள் கடமை. சேர்க்கும்போது, யார் கொடுத்த சாப்பாடு என்று கேட்டிருக்கிறார்கள். முனியாண்டிக்கு எங்கள் அறக்கட்டளையின் பெயர் வாயில் நுழையாது. என்னை அவனுக்கு "அண்டா அண்ணன்" என்றுதான் தெரியும். வண்டி காதர் வண்டி. அதனால் அரை மயக்கத்திலும், விட்டுப்போய்விடக் கூடாதே என்று, காதர் தம்பி, வீரசோழன் காதர் தம்பி என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறான்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். அஜாக்கிரதையாக இருந்து உயிருக்கு ஆபத்து உண்டாக்கியதாக வழக்குப் போட வேண்டிவரும் என்றார். சோற்றை வாங்கியது நான், ருசி பார்த்தது நான், என் பேரில் போடுங்கள் என்றேன். எனக்குப் போவதற்கு எந்த நாடும் இல்லை. தகவலில் இருக்கிற பெயரை விட்டுவிட்டு இன்னொரு பெயரை எழுத முடியாது, வேண்டுமானால் கூடவே சேர்த்து எழுதலாம் என்றார். காதர் விசாவுக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்திருந்ததும் அதே ஸ்டேஷனில்தான். அது மேஜையின் இன்னொரு ஓரத்தில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. வழக்கு பதிவானால் அது வராது. அவர்களே தண்ணீர் ஊற்றி வைத்துத் தின்றார்கள் சார், இவன் நல்லது நினைத்துக் கொடுத்தவன் என்றேன். எஸ்.ஐ. பேனாவை மூடினார். "யார் கொடுத்தான்னு எழுத இடம் இருக்கு. ஏன் கொடுத்தான்னு எழுத இதுல இடம் இல்லையே. சோறு சமைச்ச இடத்துல இருந்து நல்லாத்தான் வந்துச்சுன்னு யாரையாவது வந்து சொல்லச் சொல்லுங்க, பாப்போம்."

மிச்சமே இல்லை

மண்டபத்துக்குப் போனேன். தனபால் அண்ணாச்சி என்னை எப்போதும் ஆபீஸுக்குள் உட்காரவைத்துக் காபி சொல்கிறவர். அன்று வாசலிலேயே நின்றுகொண்டார். அந்தப் பிரியாணியை அன்று முந்நூறு நானூறு பேர் பந்தியில் சாப்பிட்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை மட்டும் வந்து சொன்னால் போதும் என்று கெஞ்சினேன். அவர் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் முழுக்க முகூர்த்தம்.

சமையல் மாஸ்டருக்குப் போன் போட்டேன். தான் சமைத்தது மண்டபத்துக்கு, வண்டிக்கு இல்லை என்று வைத்துவிட்டார். தனபால் அண்ணாச்சி என்னைத் தெருவரைக்கும் கொண்டுவந்து விட்டார். அதுவரை தோளில் கைபோட்டுக்கொண்டுதான் வந்தார். "அன்னைக்கு மிச்சமே இல்லையே சேகரு. கடைசிப் பந்திக்கே பத்தலன்னு சண்ட நடந்துச்சே, ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

போன இடத்தில் என்ன சொல்வார்கள்

பெண்ணின் அப்பா வீட்டுக்குக் காதரும் வந்தான். பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. அவருடைய ஸ்டேட்டஸைப் பார்த்தேன், ஒருநாள் முடிந்து படம் தானாகவே போயிருந்தது. வீடியோக்காரரிடம் படம் இருக்குமே என்று நான் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. மிரட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து நான்கைந்து பேர் வந்து நின்றார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்த காதர், மறுபடி மாட்டிக்கொண்டான்.

அவர் கெட்டவர் இல்லை என்று இப்போதும் சொல்வேன். கண்ணில் தண்ணீர் நின்றது. கல்யாணச் சாப்பாட்டில் விஷம் என்று ஒரு சொல் வெளியே போனால், அது மாப்பிள்ளை ஊருக்குப் பஸ்ஸுக்கு முன்னால் போய்விடும். எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டார். "எம்மக காலெடுத்து வச்சு ரெண்டு நாளு ஆகல. அவ வந்த நேரம்னு ஒருத்தி சொல்லிட்டாப் போதும், காலத்துக்கும் நிக்கும். நான் ஒண்ணும் கொடுக்கலய்யா. என்ன விட்ருங்க."

வயிற்றில் இருக்கிற சாட்சி

உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் விசாரிக்க வந்தார். எங்கள் அண்டாக்களைத் திறந்து பார்த்தார், மூடிகளை முகர்ந்தார். சுத்தமாக இருப்பதாகவே சொன்னார். மிஞ்சிய உணவைக் கொடுப்பதற்கும் விதிமுறைகள் உண்டு. பதிவு செய்திருக்க வேண்டும். எப்போது சமைத்தது, எதற்குள் சாப்பிட வேண்டும் என்று ஒட்டியிருக்க வேண்டும் என்றார். பதிவு இருந்தது. ஒட்டவில்லை. ஒட்டினால் மூட்டத்தில் யார் படிப்பது என்று நான் கேட்கவில்லை.

ஒவ்வொரு அண்டாவிலும் நான் ருசி பார்த்த பிறகுதான் ஏற்றுவேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவே சாட்சி இல்லையா என்றேன். மாதிரி எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். அதுதான் சார், சாப்பிட்டேனே என்றேன். அவர் சிரிக்கவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்: "அத நான் லேபுக்கு எப்படி அனுப்புறது?"

அடிபட்டவனும் பசித்தவனும்

அறக்கட்டளைக்காரர்கள் ஒரு வக்கீல் அம்மாவிடம் கூட்டிப்போனார்கள். நான் ஏட்டையா சொன்ன சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். ரோட்டில் விழுந்தவரைத் தூக்கினவனை ஒன்றும் கேட்கக் கூடாது என்றால், அதே வண்டி, அதே டிரைவர், சோறு கொண்டுபோனதற்கும் கேட்கக் கூடாதல்லவா? இரண்டும் உயிர் காக்கிற வேலைதானே?

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்லெண்ணத்தில் உணவு கொடுக்கிறவர்களுக்குத் தெளிவான சட்டப் பாதுகாப்பு வைத்திருக்கிற நாடுகள் உண்டாம். வேண்டுமென்று கெடுதல் செய்தாலொழிய அங்கே வழக்குக் கிடையாதாம். இங்கே அப்படி வேண்டும் என்று பேச்சு இருக்கிறது. தனக்குத் தெரிந்தவரை, எடுத்துக் காட்டுகிற மாதிரி ஒரு சட்டம் இல்லை என்றார். வழக்கு நடத்தினால் கடைசியில் ஜெயித்துவிடலாம் என்றும் சொன்னார். எவ்வளவு காலம் என்று காதர் கேட்டான். அவன் அந்த அறையில் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அவர் என் பக்கம் திரும்பினார். "அடிபட்டவனுக்கு ஒதவுனா சட்டம் கூடவே வரும் அண்ணாச்சி. பசிச்சவனுக்கு ஒதவுனா நாமதான் சட்டத்துக்குப் பின்னால அலையணும்."

ஆக்கக் கூடாதா

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காளியம்மாவை ஸ்டேஷனுக்கு வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டார்கள். நானும் காதரும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். எழுத்தரின் மேஜை ஜன்னலோரம் இருந்ததால் பேச்சு நன்றாகவே கேட்டது. அவளுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லித்தரவில்லை. தண்ணீர் ஊற்றி வைத்ததைச் சொல்வாள், அதாவது கொஞ்சம் உதவும் என்று நினைத்திருந்தோம். எஸ்.ஐ. அன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ஆரம்பித்தார். ரேஷன் அரிசியை நாங்களே ஆக்கித் தின்றோம் என்றாள்.

எஸ்.ஐ. மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னாள். வண்டியா, எந்த வண்டி? காதர் தம்பியா, அந்தத் தம்பி எப்பவோ ஒரு நாள் அந்தப் பக்கம் லோடு ஏற்றிப் போனதைப் பார்த்தது. பெயர் சொன்னதா, எங்க வீட்டுக்காரவுக மயக்கத்தில் எதையோ உளறியிருப்பாக. காதர் வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டான்.

எஸ்.ஐ. குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஏம்மா, வார்டு முழுக்க மசாலா வாடை அடித்தது என்று நர்ஸம்மா சொல்கிறார்கள், நீ ரேஷன் அரிசிச் சோறு என்கிறாயே என்றார். காளியம்மா பதில் சொல்லக் கொஞ்சமும் நேரம் எடுக்கவில்லை. "ரேஷன் அரிசிதாங்கய்யா. பட்டை கிராம்பு போட்டு நாங்க ஆக்கக் கூடாதா?"

பொய்க்காரி

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். கைநாட்டு வைத்தாள். வெளியே வந்தபோது கட்டைவிரலில் இருந்த மையைச் சேலை முந்தியில் துடைத்துக்கொண்டே வந்தாள். கரி பிடித்த சேலையில் மை தெரியவே இல்லை. காதர் முன்னால் போய் நின்றான். அக்கா என்றான். ஆஸ்பத்திரியில் காதர் அவள் புருஷனுக்குக் குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைப் பற்றி அவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். வெளிநாட்டுக்குப் போனால் காசு பணத்தைப் பார், கூட்டாளிகளோடு சேர்ந்து கெட்டுப்போகாதே என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நான், அடுத்த முகூர்த்தம் வெள்ளிக்கிழமை, சாதம் மட்டும் கொண்டுவருகிறேன், பிரியாணி வேண்டாம் என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். எனக்குப் புரியவில்லை. உடம்புக்குப் பயந்துவிட்டாயா என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒடம்புக்கு என்னண்ணே. ஒங்க வண்டி எங்க பக்கம் வந்ததே இல்லன்னு கைநாட்டு வச்சுட்டு வாரேன். வெள்ளிக்கெழம வந்து நின்னீகன்னா நான் பொய்க்காரியாயிருவேன், தம்பி கேஸு திரும்பி வந்துரும். இனிமே வராதீக."

இப்ப யாரு கொண்டு போறா

சான்றிதழ் வந்தது. காதர் போய்விட்டான். கல்யாணத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அங்கே ஏதோ கிடங்கில் வண்டி ஓட்டுகிறானாம். போன வாரம் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தான். வெயில், அறையில் எத்தனை பேர், சோறு சரியில்லை என்று வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னான். பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம். முடிந்துவிட்டது என்று நினைத்தபோது இன்னொன்று கேட்டான். "மாமா, மூட்டத்துக்கு இப்ப யாரு கொண்டு போறா?"

குழி

அறக்கட்டளையில் கூட்டம் போட்டு, சட்டம் தெளிவாகும்வரை வண்டியை நிறுத்திவைப்பது என்று தீர்மானித்துவிட்டார்கள். நான் இப்போது ஒரு கடையில் சரக்கு இறக்குகிறேன். சென்ற முகூர்த்தத்தில் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்காக அதே மண்டபத்துக்குப் போயிருந்தேன், இந்தத் தடவை அழைப்போடு. சாப்பிட்டுவிட்டு, பழக்கதோஷம், பின்வாசல் பக்கம் போனேன்.

அங்கே குழி வெட்டியிருந்தார்கள். மண்டபத்து ஆள் அண்டாவைச் சாய்த்து வெள்ளைச் சோற்றை உள்ளே சரித்துக்கொண்டிருந்தான். ஆவி பறந்தது. சோற்றின் மேல் பிளீச்சிங் பவுடரைக் கை நிறைய அள்ளித் தூவினான். நாய் வராமல் இருப்பதற்கா என்று கேட்டேன். என்னை அடையாளம் தெரிந்து மரியாதையாக நிமிர்ந்தான். "நாய் தின்னா என்னண்ணே? ஆளுக எடுத்துத் தின்னுட்டு, பெறகு நம்மதான் குடுத்தோம்னு வந்துரக் கூடாதுல்ல."

விசாரணைப்படி அந்தப் பிரியாணியை மண்டபத்தில் யாரும் கொடுக்கவில்லை, வண்டியில் யாரும் கொண்டுபோகவில்லை, மூட்டத்தில் யாரும் வாங்கவில்லை என்று ஆகிவிட்டபடியால், ஊரிலேயே அதை ஒரு கை அள்ளித் தின்ற குற்றவாளி நான் ஒருவன்தான்.